ஜாவாவில் பூட்டுக்காகக் காத்திருக்கும் த்ரெட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறையில் மாலை நேரத்தில் ஜாவா வகுப்பு எடுக்கிறேன். வேலந்தாவளம், எருத்தேம்பதி, வண்ணாமடை, கோபாலபுரம் என்று கேரளத்தின் இந்த ஓரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் வருகிறார்கள். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் சிலர் வருகிறார்கள். படித்து முடித்துக் கோவைக்கோ கொச்சிக்கோ வேலைக்குப் போன பிறகும் சந்தேகம் வந்தால் கேட்கிறார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வருவது ஒன்று: "புரோகிராம் நின்றுவிட்டது, ஆனால் பிழை எதுவும் காட்டவில்லை." பெரும்பாலும் ஏதோ ஒரு த்ரெட், அதாவது புரோகிராமுக்குள் மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடும் ஒரு வேலை, ஏதோ ஒரு பூட்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். எங்கே காத்திருக்கிறது, அந்தப் பூட்டு இப்போது யார் கையில் இருக்கிறது என்ற இரண்டையும் உடனே கேட்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே வைத்திருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றின் மேல் நிற்கின்றன. ஜாவா புரோகிராமை ஓட்டுகிற மென்பொருள்தான் ஜேவிஎம். அப்படிச் சொல்லும் இடமெல்லாம் ஓபன்ஜேடிகே என்ற ஜாவாத் தொகுப்பில் உள்ள ஹாட்ஸ்பாட்டையே மனத்தில் வைத்திருக்கிறேன்.

பூட்டு, பூட்டு என்கிறீர்களே சார், அது எங்கே இருக்கிறது?

ஜாவாவில் ஒவ்வொரு பொருளோடும் (ஆப்ஜெக்ட்) ஒரு மானிட்டர் உண்டு, பூட்டு என்பது அதுதான். சிங்க்ரனைஸ்டு என்று எழுதி ஒரு பொருளைக் குறிப்பிட்டால், அந்தப் பொருளின் மானிட்டரைக் கையில் எடுத்த பிறகுதான் த்ரெட் உள்ளே போக முடியும். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டின் கையில்தான் அது இருக்கும். மெத்தடின் தலையில் சிங்க்ரனைஸ்டு போட்டால், எந்த ஆப்ஜெக்டின் மேல் அந்த மெத்தடைக் கூப்பிட்டீர்களோ அதுவே பூட்டு. ஸ்டாட்டிக் மெத்தடாக இருந்தால் பூட்டு அந்த கிளாஸுக்கு உரிய கிளாஸ் ஆப்ஜெக்ட். இவை வேறு வேறு பூட்டுகள். ஒன்றைப் பிடித்தவர் மற்றதைத் தடுப்பதில்லை.

இன்னொன்றை முதல் நாளே மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்: பூட்டு எந்தத் தரவையும் காப்பதில்லை. அதே பூட்டைக் கேட்டு உள்ளே வருகிறவர்களை மட்டும்தான் அது நிறுத்தும். பூட்டைக் கேட்காமலே பக்கத்து மெத்தட் வழியாக அந்த மாறியைத் தொடுகிற த்ரெட்டை யாரும் தடுக்கப் போவதில்லை.

பூட்டு கிடைக்காவிட்டால் த்ரெட் சுற்றிக்கொண்டே இருக்குமா, தூங்கிவிடுமா?

இரண்டும் நடக்கும், வரிசையாக. முதலில் மிகக் குறுகிய நேரம் சிபியுவிலேயே இருந்தபடி திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். பல பூட்டுகள் மிகச் சிறிய வேலைக்காகப் பிடிக்கப்பட்டு உடனே விடப்படுகின்றன. தூங்கப் போய் எழுந்து வருவதற்கு ஆகும் நேரத்தைவிட இது மலிவு. எவ்வளவு நேரம் சுற்றுவது என்பதை அந்தப் பூட்டின் முந்தைய அனுபவத்தை வைத்து ஜேவிஎம் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

அதற்குள் கிடைக்காவிட்டால் த்ரெட் தன்னை வரிசையில் சேர்த்துக்கொண்டு இயங்குதளத்திடம் "என்னை நிறுத்தி வை" என்று சொல்லிவிடும். அதன் பிறகு அது சிபியுவை எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே புரோகிராம் உறைந்து நிற்கும்போது சிபியு அளவு சுழியத்தை ஒட்டி இருந்தால் அதுவே ஒரு துப்பு: யாரும் வேலை செய்யவில்லை, எல்லாரும் எதற்காகவோ காத்திருக்கிறார்கள்.

பிளாக்டு, வெயிட்டிங், டைம்டு வெயிட்டிங். மூன்றும் காத்திருப்பதுதானே, எதற்கு மூன்று பெயர்?

ஜாவா 5 வந்தபோது, 2004-இல், த்ரெட்டின் நிலைகளுக்கு இந்தப் பெயர்கள் வந்தன. பிளாக்டு என்பதற்குப் பொருள் மிகவும் குறுகியது: சிங்க்ரனைஸ்டு வாசலில் மானிட்டருக்காக நிற்கிறது, அவ்வளவுதான். வெயிட்டிங் என்றால் வேறொரு த்ரெட் வந்து எழுப்பும் வரை காலக்கெடு இல்லாமல் காத்திருக்கிறது: வெயிட் (இன்னொரு த்ரெட் நோட்டிஃபை கொடுத்து எழுப்பும் வரை நிற்பது), ஜாயின் (இன்னொரு த்ரெட் முடியும் வரை நிற்பது), பார்க் (அன்பார்க் வரும் வரை நிற்பது) ஆகியவை இதில் சேரும். அதே காத்திருப்புக்குக் கெடு வைத்தால் டைம்டு வெயிட்டிங். குறித்த நேரம் தூங்க வைக்கும் ஸ்லீப்பும் அதில்தான் வரும்.

இதில் பலர் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ரீஎன்ட்ரன்ட்லாக் என்பது சிங்க்ரனைஸ்டுக்குப் பதிலாக நாமே லாக், அன்லாக் கூப்பிட்டுப் பயன்படுத்தும் பூட்டு கிளாஸ். அதன் லாக் மெத்தடில் காத்திருக்கும் த்ரெட் பிளாக்டு என்று காட்டாது, வெயிட்டிங் என்றே காட்டும். காரணம், அந்த கிளாஸ் ஜாவாவிலேயே எழுதப்பட்டது. உள்ளே அது லாக்சப்போர்ட் என்ற கிளாஸின் பார்க் மெத்தடைக் கூப்பிட்டுத்தான் தூங்குகிறது. "பிளாக்டு த்ரெட் ஒன்றுகூட இல்லை, அதனால் பூட்டுப் பிரச்சினை இல்லை" என்று முடிவுக்கு வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஸ்லீப் போட்டால் கையில் இருக்கும் பூட்டை விட்டுவிடுமா?

விடாது. பூட்டைப் பிடித்துக்கொண்டே தூங்கும். பின்னால் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் அது எழும் வரை நிற்க வேண்டும். வெயிட் மட்டும்தான் பூட்டை விட்டுவிட்டுத் தூங்கும். அதனால்தான் பூட்டு கையில் இல்லாமல் வெயிட்டைக் கூப்பிட்டால் இல்லீகல்மானிட்டர்ஸ்டேட்எக்செப்ஷன் என்ற பிழை வருகிறது. விடுவதற்கு ஒன்றும் இல்லையே.

வெயிட் எல்லாப் பூட்டையும் விட்டுவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. எந்தப் பொருளின் மேல் வெயிட் கூப்பிட்டீர்களோ அந்தப் பொருளின் மானிட்டரை மட்டும்தான் விடும். அதை மூன்று முறை உள்ளுக்குள் உள்ளாக எடுத்திருந்தால் மூன்றையும் விட்டு, திரும்பி வரும்போது மூன்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். ஆனால் வெளியே வேறொரு பொருளின் பூட்டைப் பிடித்திருந்தால் அது அப்படியே கையில் இருக்கும். எழுப்ப வேண்டிய த்ரெட் அந்த வெளிப் பூட்டைத் தாண்டித்தான் வர வேண்டும் என்றால், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு என்றைக்கும் நிற்பார்கள். சிங்க்ரனைஸ்டு மெத்தடுக்குள்ளிருந்து வேறொரு பொருளின் வெயிட்டைக் கூப்பிடும் வரியை எங்கே பார்த்தாலும் நான் நிறுத்திக் கேள்வி கேட்பேன்.

நோட்டிஃபை வந்ததும் வெயிட்டில் இருந்த த்ரெட் உடனே ஓடத் தொடங்கும், சரிதானே?

சரியில்லை. நோட்டிஃபை கூப்பிட்டவர் கையில்தான் இன்னும் பூட்டு இருக்கிறது. எழுப்பப்பட்ட த்ரெட் வெயிட் வரிசையிலிருந்து பூட்டு வரிசைக்கு மாறுகிறது. அந்த நேரத்தில் பார்த்தால் வெயிட்டிங் என்று இருந்தது பிளாக்டு என்று மாறியிருக்கும். நோட்டிஃபை கொடுத்தவர் சிங்க்ரனைஸ்டைவிட்டு வெளியே வந்த பிறகு, மற்றவர்களோடு போட்டியிட்டுப் பூட்டைப் பிடித்தால்தான் வெயிட்டுக்கு அடுத்த வரி ஓடும். அந்தப் போட்டியில் அதற்குச் சலுகை எதுவும் கிடையாது.

மானிட்டர் என்ற கருத்தைக் கணினி அறிஞர்கள் பெர் பிரிஞ்ச் ஹான்சனும் டோனி ஹோரும் 1970-களின் தொடக்கத்தில் வளர்த்தார்கள். ஹோரின் 1974-ஆம் ஆண்டுக் கட்டுரையில் எழுப்பப்பட்டவர் கைக்குப் பூட்டு உடனே மாறிவிடும். மீசா என்ற மொழியில் அதைத் தளர்த்தினார்கள்: எழுப்புகிறவர் தன் வேலையைத் தொடர்வார், எழுந்தவர் பிறகு வந்து சேர்வார். 1980-இல் லாம்ப்சன், ரெடல் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த அனுபவத்தை எழுதினார்கள். ஜாவா போனது மீசாவின் வழியில். அடுத்த கேள்வியின் பதில் முழுவதும் இந்த ஒரு முடிவிலிருந்து பிறக்கிறது.

வெயிட்டை இஃப்-க்குள் வைத்தாலும் சரியாகத்தான் ஓடுகிறது. ஏன் வைல் போட்டே ஆக வேண்டும் என்கிறீர்கள்?

வேலந்தாவளத்து லாட்டரிக் கடை ஒன்றுக்காக ஒரு மாணவர் எழுதிய புரோகிராமையே எடுத்துக்கொள்வோம். இரண்டு கவுன்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு த்ரெட். இருப்பில் ஓணம் பம்பர் டிக்கெட் இல்லை. முதல் கவுன்டர் பூட்டை எடுத்து, இருப்பு சுழியம் என்று பார்த்து, வெயிட்டுக்குப் போகிறது. சரக்கு ஏற்றும் த்ரெட் வந்து ஒரே ஒரு டிக்கெட்டை இருப்பில் சேர்த்து நோட்டிஃபை கொடுக்கிறது. முதல் கவுன்டர் எழுந்து பூட்டுக்காக நிற்கிறது. சரியாக அந்த நொடியில் இரண்டாவது கவுன்டர் புதிதாக வந்து பூட்டைப் பிடிக்கிறது, இருப்பு ஒன்று என்று பார்க்கிறது, விற்றுவிடுகிறது. இப்போது முதல் கவுன்டருக்குப் பூட்டு கிடைக்கிறது. இஃப் போட்டிருந்தால் அது மறுபடி இருப்பைப் பார்க்காது. நேராக அடுத்த வரிக்குப் போய் இல்லாத டிக்கெட்டை விற்கும். இருப்பு மைனஸ் ஒன்று.

வைல் போட்டிருந்தால் திரும்ப இருப்பைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கப் போயிருக்கும். இது தவிர, யாரும் எழுப்பாமலே த்ரெட் எழக்கூடும் என்று வெயிட்டின் விளக்கக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. "சரியாகத்தான் ஓடுகிறது" என்பது கூட்டம் குறைந்த நாளில் சோதித்ததன் பலன். ஓணத்துக்கு முந்தைய வாரம் ஓட்டிப் பாருங்கள்.

நோட்டிஃபை போதாதா? நோட்டிஃபைஆல் எல்லாரையும் வீணாக எழுப்புகிறதே?

காத்திருக்கும் எல்லாரும் ஒரே நிபந்தனைக்காகக் காத்திருக்கிறார்கள், ஒரு நோட்டிஃபையால் ஒருவர் மட்டுமே பயனடைய முடியும் என்ற இரண்டும் உறுதியாக இருந்தால் நோட்டிஃபை போதும். ஒரே பொருளின் மேல் "சரக்கு வரட்டும்" என்று சிலரும் "இடம் காலியாகட்டும்" என்று சிலரும் காத்திருந்தால், நோட்டிஃபை தவறான ஆளை எழுப்பிவிடலாம். அவர் பார்த்துவிட்டு மறுபடி தூங்குவார், எழ வேண்டியவருக்குச் செய்தியே போகாது. யாரை எழுப்புவது என்பது ஜேவிஎம்மின் விருப்பம் என்றுதான் விதி இருக்கிறது.

வீணாக எழுப்புவது வருத்தமாக இருந்தால் ரீஎன்ட்ரன்ட்லாக்குக்கு மாறி, ஒவ்வொரு நிபந்தனைக்கும் தனிக் கண்டிஷன் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பூட்டு, ஆனால் தனித்தனிக் காத்திருப்பு வரிசைகள். சிக்னல் (கண்டிஷனுக்கான நோட்டிஃபை) சரியான வரிசைக்கே போகும்.

முதலில் வந்து நின்ற த்ரெட்டுக்குத்தானே முதலில் பூட்டு கிடைக்கும்?

சிங்க்ரனைஸ்டிலும் அந்த உத்தரவாதம் இல்லை, சாதாரணமாக உருவாக்கிய ரீஎன்ட்ரன்ட்லாக்கிலும் இல்லை. இதைக் கேட்டதும் "அநியாயம்" என்று வகுப்பில் முகம் சுளிப்பார்கள். காரணத்தைப் புரிந்துகொண்டால் சுளிக்க மாட்டீர்கள்.

நம் ஊர்ப் பால் சங்கத்தில் காலையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். வரிசையில் இருக்கிறவர் கேனை ஓரமாக வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். அளக்கிறவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அவர் எழுந்து, கேனைத் தூக்கி வர வேண்டும். அதற்குள் வண்டியிலிருந்து இறங்கிய ஒருவர் கையில் இருக்கும் சின்னத் தூக்கை நீட்டி ஊற்றிவிட்டுப் போய்விடுகிறார். மரத்தடிக்காரர் வந்து சேரும்போது அளவை மறுபடி காலியாகவே இருக்கிறது. அவருக்கு நஷ்டம் இல்லை, சங்கத்துக்கு ஓர் ஊற்று லாபம். தூங்கும் த்ரெட்டை எழுப்பி சிபியுவில் ஏற்றுவதற்கு ஆகும் நேரம்தான் அந்த மரத்தடித் தூரம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட் அந்த இடைவெளியில் பூட்டை எடுத்து விட்டுவிட முடியும். பூட்டைச் சும்மா வைத்திருப்பதைவிட இது மொத்தத்தில் அதிக வேலையை முடிக்கும். புதிதாக வருகிறவர்கள் ஓயாமல் வந்துகொண்டே இருந்து, ஊற்றும் அளவும் பெரிதாக இருந்தால் மட்டுமே வரிசையில் இருப்பவர் நிஜமாகவே பட்டினி கிடப்பார்.

அப்படியானால் ரீஎன்ட்ரன்ட்லாக்குக்கு ட்ரூ கொடுத்துவிட்டால் நியாயம் கிடைத்துவிடும் அல்லவா?

கிடைக்கும், விலை கொடுத்து. ரீஎன்ட்ரன்ட்லாக்கை உருவாக்கும்போது ட்ரூ கொடுத்தால் அது வரிசையை மதிக்கும் ஃபேர் பூட்டாகும். நீண்ட நேரம் காத்திருக்கும் த்ரெட்டுக்கு முன்னுரிமை போகும். ஆனால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் மேலே சொன்ன எழுப்பும் நேரம் கூடுவதால் மொத்த வேகம் குறையும், சில நேரம் மிகவும். ஏதாவது ஒரு த்ரெட் நெடுநேரம் பட்டினி கிடப்பதை அளந்து பார்த்து உறுதி செய்த பிறகு மட்டுமே இதைத் தொடுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. ட்ரைலாக் என்ற மெத்தட் பூட்டை எடுக்க முயன்று, கிடைக்காவிட்டால் ஃபால்ஸ் சொல்லித் திரும்பும். நேரம் கொடுக்காத ட்ரைலாக், ஃபேர் பூட்டிலும் வரிசையை மதிக்காது. பூட்டு அந்தக் கணம் காலியாக இருந்தால் எடுத்துக்கொள்ளும். வரிசையை மதிக்க வேண்டும் என்றால் சுழிய விநாடி கெடு கொடுத்து ட்ரைலாக்கைக் கூப்பிட வேண்டும்.

ரீஎன்ட்ரன்ட்லாக்கின் உள்ளே அந்த வரிசை எப்படி இருக்கிறது? இன்டர்வியூவில் ஏக்யூஎஸ் என்று கேட்டார்கள்.

அப்ஸ்ட்ராக்ட்க்யூட்சிங்க்ரனைசர் என்ற கிளாஸின் சுருக்கம் அது. டக் லீ என்ற கணினிப் பேராசிரியரின் தலைமையில், ஜேஎஸ்ஆர் 166 என்ற ஜாவா முன்மொழிவு வழியாக ஜாவா 5-இல் வந்தது. உள்ளே ஓர் இன்ட் மாறி, ஒரு வரிசை; அடிப்படையில் இவ்வளவுதான். ரீஎன்ட்ரன்ட்லாக்கில் அந்த இன்ட் சுழியமாக இருந்தால் பூட்டு காலி. லாக் கூப்பிடும் த்ரெட் ஒரே அணு நடவடிக்கையில் (இடையில் யாரும் புக முடியாத ஒரே படியில்) சுழியத்தை ஒன்றாக மாற்ற முயல்கிறது. வென்றால் பூட்டு அதனுடையது. தோற்றால் தனக்கென ஒரு கணுவை (நோடு) உருவாக்கி, வரிசையின் வாலில் இணைத்துவிட்டு, பார்க் செய்துகொள்கிறது. அன்லாக் செய்கிறவர் இன்ட்டைச் சுழியமாக்கிவிட்டு, தலைக்கு அடுத்துள்ள ஒருவரை மட்டும் அன்பார்க் செய்கிறார். எழுந்தவர் மறுபடி முயல்கிறார். வரிசையின் அமைப்பு சிஎல்ஹெச் பூட்டைத் தழுவியது. கிரெய்க், லாண்டின், ஹேகர்ஸ்டன் ஆகிய மூவரின் பெயர்களின் முதலெழுத்துகள் அவை.

பார்க்குக்கு நோட்டிஃபையிடம் இல்லாத ஒரு நல்ல குணம் உண்டு. த்ரெட் தூங்குவதற்கு முன்பே அன்பார்க் வந்துவிட்டால் அந்த அனுமதி வீணாகாது. அடுத்த பார்க் தூங்காமல் உடனே திரும்பிவிடும். ஆனால் ஒரு அனுமதிக்கு மேல் சேராது. நோட்டிஃபையோ, யாரும் வெயிட்டில் இல்லாதபோது கொடுத்தால் காற்றோடு போய்விடும்.

பிரையாரிட்டி பத்து கொடுத்தால் என் த்ரெட் வரிசையில் முன்னால் போகுமா?

போகாது. பூட்டு வரிசைகள் பிரையாரிட்டி என்ற முன்னுரிமை எண்ணைப் பார்ப்பதில்லை. லினக்ஸில் வழக்கமான அமைப்பில் ஜேவிஎம் அந்த எண்ணை இயங்குதளத்துக்குச் சொல்வதுகூட இல்லை.

பிரையாரிட்டியும் பூட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தைப் படியுங்கள். அங்கே ஓடியது ஜாவா இல்லை, விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற இயங்குதளம். தாழ்ந்த பிரையாரிட்டி உள்ள வானிலைப் பணி ஒரு பூட்டைப் பிடித்திருக்க, நடுத்தரப் பணி ஒன்று அதை ஓட விடாமல் செய்ய, உயர்ந்த பிரையாரிட்டிப் பணி பூட்டுக்காக நின்றுபோனது. கண்காணிப்புக் கடிகாரம் கணினியை மீண்டும் மீண்டும் ரீசெட் செய்தது. பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் பிரையாரிட்டியைக் கடன் கொடுக்கும் வசதியைப் பூமியிலிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள்.

ஒரே த்ரெட் ஒரே பூட்டை இரண்டாவது முறை கேட்டால் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளுமா?

சிங்க்ரனைஸ்டிலும் ரீஎன்ட்ரன்ட்லாக்கிலும் பூட்டிக்கொள்ளாது. ஏக்யூஎஸ் பதிலில் சொன்ன அந்த இன்ட் ஒன்றிலிருந்து இரண்டாகும், அவ்வளவுதான். எத்தனை முறை எடுத்தீர்களோ அத்தனை முறை விட வேண்டும்.

விதிவிலக்குகள்தான் ஆபத்து. ஜாவா 8-இல் வந்த ஸ்டாம்ப்டுலாக்குக்கு இந்தக் குணம் இல்லை. எழுத்துப் பூட்டை (தரவை மாற்றுவதற்கான பூட்டு) வைத்துக்கொண்டே மறுபடி கேட்டால் அங்கேயே நிற்பீர்கள். ரீஎன்ட்ரன்ட்ரீட்ரைட்லாக்கில் எழுத்துப் பூட்டு வைத்திருப்பவர் வாசிப்புப் பூட்டையும் (பலர் ஒரே நேரத்தில் படிப்பதற்கான பூட்டு) எடுக்கலாம். வாசிப்புப் பூட்டை வைத்துக்கொண்டு எழுத்துப் பூட்டைக் கேட்டால் என்றைக்கும் கிடைக்காது, ஏனென்றால் எல்லா வாசகர்களும் வெளியேறக் காத்திருக்கிறீர்கள், அந்த வாசகர்களில் ஒருவர் நீங்களே.

இரண்டு கணக்குகளுக்கு இடையே பணம் மாற்றும் புரோகிராம் எப்போதாவது உறைந்துவிடுகிறது. மறுபடி ஓட்டினால் வருவதில்லை. ஏன் சார்?

டெட்லாக்கின் முகமே இப்படித்தான் இருக்கும். பாலக்காட்டுக் கணக்கிலிருந்து பொள்ளாச்சிக் கணக்குக்கு ஒரு த்ரெட் பணம் அனுப்புகிறது: முதலில் பாலக்காட்டுப் பூட்டு, பிறகு பொள்ளாச்சிப் பூட்டு. அதே கணம் எதிர்த் திசையில் இன்னொரு த்ரெட்: முதலில் பொள்ளாச்சி, பிறகு பாலக்காடு. இருவரும் முதல் பூட்டைப் பிடித்துவிட்டார்கள், இரண்டாவதற்காக நிற்கிறார்கள். இருவரில் எவரும் விடப் போவதில்லை. இரண்டு முதல் பூட்டுகளும் அதே நுண்நேரத்தில் பிடிபட்டால்தான் இது நேரும். அதனால்தான் சோதிக்கும்போது ஒளிந்துகொள்கிறது.

மருந்து எளியது: எந்தத் திசையில் பணம் போனாலும் பூட்டுகளை ஒரே ஒழுங்கில் எடுங்கள். கணக்கு எண் சிறியது முதலில், பெரியது பின்னால். எண் இல்லாத பொருள்களுக்குச் சிலர் ஜேவிஎம் ஒவ்வொரு பொருளுக்கும் தரும் ஐடென்டிட்டிஹேஷ்கோடு என்ற எண்ணை வைத்து ஒழுங்கு செய்கிறார்கள். அரிதாக இரண்டு பொருள்களுக்கு ஒரே மதிப்பு வரலாம் என்பதால், அந்த நிலைக்கு மட்டும் மூன்றாவது பூட்டு ஒன்றை முதலில் எடுக்கும் ஏற்பாடு வேண்டும்.

இன்டரப்ட் அனுப்பினேன். பூட்டுக்காக நிற்கும் த்ரெட் அசையவே இல்லை.

சிங்க்ரனைஸ்டு வாசலில் நிற்பவரை இன்டரப்ட், அதாவது செய்வதை நிறுத்தச் சொல்லும் கோரிக்கை, எழுப்பாது. கோரிக்கை வந்தது என்ற கொடி மட்டும் ஏற்றப்படும். பூட்டு கிடைத்து உள்ளே போன பிறகு அடுத்த வெயிட்டிலோ ஸ்லீப்பிலோதான் அது வெளிப்படும். ரீஎன்ட்ரன்ட்லாக்கின் சாதாரண லாக் மெத்தடும் அப்படியே. காத்திருப்பைக் கைவிடும் வசதி வேண்டும் என்றால் லாக்இன்டரப்டிப்ளி, அல்லது கெடு வைத்த ட்ரைலாக்.

த்ரெட்டின் ஸ்டாப் மெத்தடைத் தேடிப் போக வேண்டாம். ஜாவா 20 முதல் அது எக்செப்ஷனைத்தான் எறியும். பாதி வேலையில் த்ரெட்டைக் கொன்று அதன் மானிட்டர்களைத் திறந்துவிட்டால், அரைகுறையாக மாறிய தரவை அடுத்தவர் பார்ப்பார் என்பதே அதை ஒதுக்கியதற்குக் காரணம்.

ட்ரைலாக் போட்டால் டெட்லாக்கே வராது என்கிறார்களே?

கெடு முடிந்ததும் கையில் இருப்பதையும் விட்டுவிட்டுப் பின்வாங்கினால் வராது. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் பின்வாங்கி, ஒரே நேரத்தில் திரும்பி வந்து, மறுபடி மோதிக்கொள்ளலாம். பின்வாங்கும் நேரத்தை ஆளுக்கு ஆள் மாறும்படி ரேண்டமாக வையுங்கள். ஒழுங்கில் எடுக்க முடிகிற இடத்தில் முந்தைய பதிலின் வழியே மேல்.

ட்ரைலாக் ஃபால்ஸ் கொடுத்தபோதும் ஃபைனலிக்குள் (என்ன நடந்தாலும் ஓடும் பகுதி) அன்லாக் கூப்பிடும் புரோகிராம்களை அடிக்கடி பார்க்கிறேன். கையில் இல்லாத பூட்டைத் திறக்க முயன்றால் இல்லீகல்மானிட்டர்ஸ்டேட்எக்செப்ஷன் வரும். ட்ரைலாக் ட்ரூ என்று தெரிந்த பிறகே ட்ரை-ஃபைனலி தொடங்க வேண்டும். லாக் மெத்தடுக்கும் இதே முறை: முதலில் லாக், அடுத்த வரியில் ட்ரை.

உள்ளே எக்செப்ஷன் வந்தால் பூட்டு என்ன ஆகும்?

சிங்க்ரனைஸ்டு என்றால் தானாகத் திறந்துவிடும். ரீஎன்ட்ரன்ட்லாக் திறக்காது, ஃபைனலி இல்லாவிட்டால் த்ரெட் செத்த பிறகும் பூட்டு அதன் பெயரிலேயே இருக்கும்.

த்ரெட் டம்ப் எடுத்தேன், பக்கம் பக்கமாக வருகிறது. எங்கிருந்து படிப்பது?

த்ரெட் டம்ப் என்பது அந்தக் கணத்தில் ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்ற பட்டியல். ஜாவாவோடு வரும் ஜேஸ்டாக் அல்லது ஜேசிஎம்டி என்ற கருவி கொண்டு எடுத்திருப்பீர்கள். முதலில் கடைசிக்குப் போங்கள்: டெட்லாக்கை ஜேவிஎம் கண்டுபிடித்திருந்தால் அங்கே யார் யாருக்காக நிற்கிறார்கள் என்று தெளிவாக எழுதியிருக்கும். இல்லையென்றால் "வெயிட்டிங் டு லாக்" என்ற வரிகளைத் தேடுங்கள். பக்கத்திலேயே கூர் அடைப்புக்குள் ஒரு முகவரி இருக்கும். பல த்ரெட்டுகளில் அதே முகவரி வந்தால் நெரிசல் அங்கேதான். இப்போது அதே முகவரியோடு "லாக்டு" என்று இருக்கும் ஒரே த்ரெட்டைத் தேடுங்கள். அது பிடித்திருப்பவர். அவருடைய ஸ்டாக்கின் (ஒன்றையொன்று கூப்பிட்ட மெத்தடுகளின் பட்டியல்) உச்சி வரி என்ன செய்கிறது என்று பாருங்கள். உங்கள் கேள்விக்கான பதில் அங்கே இருக்கும். காத்திருக்கும் நாற்பது த்ரெட்டுகளின் ஸ்டாக்கைப் படித்துக் களைத்துப் போகாதீர்கள், பிடித்திருக்கும் ஒன்றைப் படியுங்கள். வெயிட்டுக்குப் போனவரின் ஸ்டாக்கிலும் "லாக்டு" வரி தெரியும் என்பதை மட்டும் கவனியுங்கள். மேலே "வெயிட்டிங் ஆன்" என்று அதே முகவரி இருந்தால் அவர் பூட்டை விட்டுவிட்டார்.

ரீஎன்ட்ரன்ட்லாக் என்றால் வரி "பார்க்கிங் டு வெயிட் ஃபார்" என்று இருக்கும். பிடித்திருப்பவர் சாதாரண டம்ப்பில் தெரிய மாட்டார். ஜேஸ்டாக்குக்கு மைனஸ் எல் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு த்ரெட்டின் கீழும் அதன் கையில் உள்ள அத்தகைய பூட்டுகளின் பட்டியல் வரும். குறித்த எண்ணிக்கையினரை மட்டும் உள்ளே விடும் செமஃபோருக்கும் வாசிப்புப் பூட்டுக்கும் உரிமையாளர் என்று யாரும் பதிவாவதில்லை. ஆகவே அவற்றால் வரும் டெட்லாக்கை ஜேவிஎம்மால் கண்டுபிடிக்க முடியாது, நீங்கள்தான் தேட வேண்டும். சில விநாடி இடைவெளியில் இரண்டு மூன்று டம்ப் எடுத்து ஒப்பிடுங்கள். ஒன்றில் தெரிவது ஒரு கணம் மட்டுமே.

பிடித்திருப்பவர் ரன்னபிள் என்று காட்டுகிறார். ஓடிக்கொண்டிருந்தால் ஏன் முடிக்கவில்லை?

ரன்னபிள் என்றால் சிபியுவில் ஓடுகிறது என்று பொருள் இல்லை. ஜேவிஎம்மின் கணக்கில் எந்தப் பூட்டுக்காகவும் காத்திருக்கவில்லை என்றுதான் பொருள். சாக்கெட்டிலிருந்து (வலை இணைப்பின் முனை) பதில் வருவதற்காக இயங்குதளத்துக்குள் நிற்கும் த்ரெட்டும் ரன்னபிள் என்றே காட்டும். ஸ்டாக்கின் உச்சியில் சாக்கெட் வாசிப்பு இருந்து, கீழே தரவுத்தள டிரைவரின் பெயர் இருந்தால், அவர் தரவுத்தளத்தின் பதிலுக்காக நிற்கிறார். அங்கே அட்டவணையின் ஏதோ ஒரு வரிக்கான பூட்டில் (ரோ லாக்) அவருடைய வினவல் மாட்டியிருக்கலாம். இனித் தேடல் தரவுத்தளப் பக்கம் போக வேண்டும்.

பூட்டைப் பிடித்துக்கொண்டு வலைவழி அழைப்பு செய்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மறுமுனை தாமதித்தால் உங்கள் மொத்தப் புரோகிராமும் அந்த வேகத்துக்கு இறங்கும். தேவையானதைப் பூட்டுக்குள் படி எடுத்துக்கொண்டு, வெளியே வந்து அழைத்து, மறுபடி பூட்டி முடிவை எழுதுங்கள்.

இன்டீஜர் ஒன்றைப் பூட்டாக வைத்தேன். தொடர்பே இல்லாத வேறு மாட்யூல் நிற்கிறது!

மைனஸ் 128 முதல் 127 வரையுள்ள இன்டீஜர்களை ஜாவா சேமித்து வைத்துப் பகிர்ந்து கொடுக்கிறது. நீங்கள் ஐந்து என்ற இன்டீஜரைப் பூட்டினால், வேறு நூலகத்தில் ஐந்தைப் பூட்டியவரும் அதே பொருளைத்தான் பூட்டுகிறார். மேற்கோளுக்குள் நேராக எழுதிய ஸ்ட்ரிங்குகளிலும் இதே கதை. இன்னும் மோசம்: அந்த இன்டீஜரை உள்ளே ஒன்று கூட்டினால் மாறி வேறு பொருளைக் காட்டத் தொடங்கும், அடுத்து வருபவர் வேறு பூட்டை எடுத்துக்கொண்டு தடையில்லாமல் உள்ளே வருவார். ஜேடிகே 16 (ஜாவா 16-இன் தொகுப்பு) முதல் இதற்குக் கம்பைலர் எச்சரிக்கை தருகிறது. பூட்டுக்கென்றே பிரைவேட் ஃபைனல் ஆப்ஜெக்ட் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

விர்ச்சுவல் த்ரெட்டுக்கு மாறினால் இந்தத் தொல்லை எல்லாம் போய்விடுமா?

டெட்லாக், பட்டினி, தவறிய நோட்டிஃபை எதுவும் போகாது. மாறுவது காத்திருப்பின் விலை. ஜேடிகே 21-இல் நிலையாக வந்த விர்ச்சுவல் த்ரெட் ஜேவிஎம்மே நிர்வகிக்கும் இலகுவான த்ரெட். அது ரீஎன்ட்ரன்ட்லாக்கில் காத்திருக்கும்போது தன்னைச் சுமக்கும் இயங்குதள த்ரெட்டைவிட்டு இறங்கிக்கொள்ளும். அந்தச் சுமப்பவர் வேறு வேலையைப் பார்ப்பார். லட்சம் பேர் காத்திருந்தாலும் பெரிய சுமை இல்லை.

சிங்க்ரனைஸ்டில் மட்டும் ஜேடிகே 21-இல் அப்படி இறங்க முடியாது. மானிட்டரின் உரிமை சுமப்பவரின் பெயரில் பதிவாகியிருந்ததால் இருவரும் சேர்ந்தே நின்றார்கள். சுமப்பவர்களின் எண்ணிக்கை வழக்கமாக சிபியு கோர்களின் எண்ணிக்கைதான். எட்டு கோர் இயந்திரத்தில் எட்டு பேர் சிங்க்ரனைஸ்டுக்குள் வலைவழிப் பதிலுக்காக நின்றால் மற்ற எல்லா விர்ச்சுவல் த்ரெட்டுகளும் நின்றுபோகலாம். 2025 மார்ச்சில் வந்த ஜேடிகே 24 இதைத் திருத்தியது. நேட்டிவ் கோடு (சி போன்ற வேறு மொழியில் எழுதியது) நடுவில் இருப்பது போன்ற சில நிலைகளில் மட்டும் இறங்க முடியாமை தொடர்கிறது. ஜேடிகே 21-இலேயே இருக்க வேண்டிய இடத்தில், நீண்ட காத்திருப்பு உள்ள சிங்க்ரனைஸ்டுகளை மட்டும் தேடி ரீஎன்ட்ரன்ட்லாக்காக மாற்றுங்கள். இரண்டு வரி கணக்குக்காகப் பிடிக்கும் சிறிய சிங்க்ரனைஸ்டுகளைத் தொட வேண்டாம். ஜேஸ்டாக்கில் விர்ச்சுவல் த்ரெட்டுகள் தெரியாது. ஜேசிஎம்டியின் த்ரெட் டம்ப்பைக் கோப்பில் எழுதும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஜேடிகே 21-இல் அந்தக் கோப்பில் பூட்டு விவரங்கள் இருக்காது, ஸ்டாக்கைப் படித்தே பிடித்திருப்பவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.